வெறுங்கையோடு அனுப்பக் கூடாது

"சரி மேடம், இப்ப நான் வீட்டுக்குப் போய் என்ன பண்ணணும்?"

கவுன்சிலிங் வேலைக்கு வந்த முதல் ஆண்டில் ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். கைப்பையின் வாரை விரலில் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார். அதற்கு முந்தைய ஐம்பது நிமிடமும் நான் கேட்க, அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கம் எப்போது கெட்டது, பசி எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததுண்டா, சின்ன வயதில் என்ன நடந்தது. நடுவில் அழுதார். தண்ணீர் கொடுத்தேன். படிவத்தின் நான்கு பக்கமும் நிரம்பியிருந்தது. நல்ல அமர்வு என்றுதான் நினைத்தேன். "அடுத்த வாரம் இன்னும் விரிவா பேசலாம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாததையெல்லாம் ஒரு மணி நேரத்தில் என் முன்னால் இறக்கி வைத்துவிட்டு, அன்று இரவும் அதே தூக்கம் வராத படுக்கைக்குத்தான் அவர் திரும்பிப் போயிருப்பார். நான் வாங்கிக்கொண்டது நிறைய. கொடுத்தது ஒன்றுமில்லை.

புதிதாக வருபவரோடு முதல் சில வாரங்களை இப்போது எப்படி நடத்துகிறேன் என்று எழுதிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சக ஆலோசகர்கள் யாருக்காவது பயன்படலாம். கவுன்சிலிங் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு, அந்த அறைக்குள் என்னதான் நடக்கும் என்று கொஞ்சம் பிடிபடலாம். இதில் வருபவர் யாரும் ஒரே ஆள் அல்லர். பலருடைய சாயலைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் முறை வந்துவிட்டுத் திரும்பி வராதவர்கள் எங்கள் துறையில் ஏராளம். மோஷே டால்மன் என்ற உளவியலாளர் தான் வேலை பார்த்த இடத்தின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, மக்கள் எத்தனை தடவை வந்தார்கள் என்ற கணக்கில் மிக அதிகம் தென்பட்ட எண் 'ஒன்று'. வராமல் போனவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார். அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது என்று பலர் சொன்னார்கள். 1990-ல் இதை ஒரு நூலாகவே எழுதினார். வராதவர் எல்லோரும் ஏமாந்து போனவர் அல்லர் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. இன்று என் எதிரில் உட்கார்ந்திருப்பவரை நான் இனி ஒருபோதும் பார்க்காமல் போகலாம். அப்படியானால் இந்த ஒரு மணி நேரம் அடுத்த வாரத்துக்கான முன்னுரையாக மட்டும் இருக்கக் கூடாது.

தொடர்ந்து வருபவர்களுக்கும் ஆரம்ப வாரங்கள்தான் முக்கியம். கென்னத் ஹோவர்டும் அவருடைய சகாக்களும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், 8 அமர்வுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும் 26 அமர்வுகளுக்குள் முக்கால்வாசிப் பேரிடமும் அளந்து சொல்லக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது. ஒவ்வொருவர் பாதையும் வேறு, இது சராசரிதான். ஆனாலும் முதல் இரண்டு மாதத்தை வெறும் தகவல் திரட்டலில் கழித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

முதல் அமர்வில் இப்போது நான் முதலில் பேசுவது ரகசியம் காப்பது பற்றி. இங்கே சொல்வது இந்த அறையை விட்டு வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, ஒரு குழந்தைக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு, இப்படிச் சில இடங்களில் மட்டும் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போகலாம், அப்போதும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய முயல்வேன். இதைப் பலரும் ஒரு படிவத்தில் கையெழுத்தாக வாங்கிவிடுகிறார்கள். நான் வாயால் சொல்கிறேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கிறேன். எந்த வரியில் கண் தாழ்கிறது என்பது பிறகு உதவும்.

அடுத்து, "இத்தனை நாளா இருக்கிற கஷ்டம்னு சொல்றீங்க. இப்ப, இந்த வாரம், வரணும்னு ஏன் தோணுச்சு?" இந்தக் கேள்விக்கு வரும் பதில் அநேகமாக நான்கு பக்கப் படிவத்தைவிட அதிகம் சொல்லிவிடும். "நேத்து பையன்மேல கை ஓங்கிட்டேன்" என்று ஒருவர் சொன்னார். பத்து வருடக் கோபத்தைப் பற்றிப் பேச வந்தவர் அவர். ஆனால் அவரை என் அறை வரை நடத்திக் கூட்டிவந்தது அந்த ஓங்கிய கை.

பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளையும் கொடுக்கிறேன். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனமாக விசாரிக்க வேண்டும் என்பது பொது வழக்கம். எண்ணை மட்டும் பார்ப்பதால் பெரிய பயனில்லை என்பது என் கருத்து. இரண்டு பேர் 14 வாங்கலாம். ஒருவருக்குத் தூக்கமும் சோர்வும் பசியும் அந்த 14-ல் பெரும்பகுதியை உண்டாக்கியிருக்கும்; அவரைத் தைராய்டு, ரத்தசோகை உள்ளிட்ட பரிசோதனைகளுக்காக முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியிருக்கும். இன்னொருவருக்கு 'நான் தோற்றுப்போனவன்' என்ற வரியில் பேனா அழுந்தியிருக்கும். உடம்பில் இருக்கும் நோயை மனதில் தேடிக்கொண்டு மாதங்களைத் தொலைப்பது ஆலோசகர் செய்யக்கூடிய பெரிய தவறுகளில் ஒன்று.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்யம் போட்டிருந்தாலும் நான் வாய்விட்டுக் கேட்பேன். "வாழ வேண்டாம்னு தோணியிருக்கா? தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைச்சிருக்கீங்களா?" என்று நேரடியாக, அந்தச் சொல்லை விழுங்காமல். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயிற்சிக்கு வருபவர்கள் தயங்குகிறார்கள். அப்படி விதைப்பதில்லை என்பதைத்தான் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. நான் கண்டதும் அதுதான்: கேட்டவுடன் பலருக்குத் தோள் இறங்குகிறது. ஒருவர் சொன்னார், "இத யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு."

ஆம் என்று சொன்னால், அன்றைக்கு வேறு எதுவும் இல்லை. பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை இருவரும் சேர்ந்து எழுதுவோம். நிலைமை மோசமாகிறது என்று உங்களுக்கு எதை வைத்துத் தெரியும்? தனியாக இருக்கும்போது மனதைத் திருப்ப என்ன செய்ய முடியும்? எந்த மனிதர், எந்த இடம் மனதை வேறு பக்கம் கொண்டுபோகும்? யாரிடம் வெளிப்படையாக உதவி கேட்கலாம்? எந்த மருத்துவரை, எந்த உதவி எண்ணை அழைப்பது? ஆபத்தான பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதை எப்படி அகற்றுவது? ஒரே தாளில், அவர் கையெழுத்தில், அவர் சொற்களில். ஆபத்து உடனடியானது என்று பட்டால் தாளோடு விடுவதில்லை. அவசர சிகிச்சைக்கு அழைத்துப்போக ஆள் வரும்வரை கூடவே இருப்பேன். இந்தத் தாளை எழுதும் நேரத்தில்தான், கஷ்டத்தைச் சமாளிக்கும் திறன் என்று நாங்கள் சொல்வது எவ்வளவு சாதாரணமான, எவ்வளவு அவசியமான விஷயம் என்று எனக்கு உறைத்தது. நெருப்பு பிடித்த வீட்டில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது கதவு எங்கே என்பது.

அந்த முதல் பெண் திரும்பி வராமல் போன பிறகு நான் எதிர்ப்பக்கத்துக்கு ஓடினேன். யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மூச்சுப் பயிற்சித் தாள், தூக்க விதிகள், எண்ணப் பதிவேடு, உணர்ச்சிச் சக்கரம் எல்லாம் ஒரு கோப்பில் தயாராக இருந்தது. வந்தவர் கை நிறையத் தாளோடு போனார்கள். இதில் நான் செய்த தவறு முதல் தவறைவிடப் பெரியது.

அம்மா இறந்து மூன்று வாரம் ஆன ஒருவர் வந்தார். "நான் அன்னிக்கு ஊர்ல இருந்திருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்க" என்றார். என் காதில் அது ஒரு 'தவறான சிந்தனை'யாக விழுந்தது. கோப்பைத் திறந்து எண்ணப் பதிவேட்டை எடுத்தேன். ஏழு கட்டம்: சூழ்நிலை, உணர்ச்சி, எண்ணம், அதற்கு ஆதாரம், எதிர் ஆதாரம், சமநிலையான எண்ணம், இப்போது உணர்ச்சி எவ்வளவு. அவர் படித்தவர், பொறுமையானவர். குனிந்து அழகான கையெழுத்தில் ஏழு கட்டத்தையும் நிரப்பினார். நிமிர்ந்து என்னிடம் நீட்டி, "சரியா எழுதியிருக்கேனா மேடம்?" என்றார்.

அம்மாவை இழந்து வந்தவரை நான் பரீட்சை எழுத வைத்திருந்தேன்.

அவர் மறுவாரம் வந்தார், அது என் அதிர்ஷ்டம். "போன வாரம் நான் அவசரப்பட்டுட்டேன். அம்மாவப் பத்தி எதுவுமே கேக்கல. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி, அந்தக் கடைசி நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். தொலைபேசி எத்தனை மணிக்கு வந்தது, யார் பேசினார்கள், வண்டியில் ஏறும்போது என்ன நினைத்தார், போய்ச் சேர்ந்தபோது வாசலில் எத்தனை செருப்பு கிடந்தது என்று ஒரு மணி நேரம் சொன்னார். நான் பேசியது பத்து வாக்கியம் இருக்காது. துக்கம் ஒரு குறைபாடு அல்ல, அதற்குத் திறன் பயிற்சி தேவையில்லை என்பதை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறது. மேசைமேல் வைப்பதில்லை, அலமாரியில் இருக்கிறது.

"உங்க மெத்தட் என்ன?" என்று பயிற்சி மாணவர்கள் கேட்பதுண்டு. 'ஒருங்கிணைந்த அணுகுமுறை' என்றால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று புரிந்துகொள்கிறார்கள். அந்தப் புரிதல் எனக்குக் கவலை தருகிறது.

1957-ல் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரை அவர் இருக்கும் நிலையிலேயே மதிப்பது, அவர் கண்ணால் உலகைப் பார்க்க முயல்வது, ஆலோசகர் வேஷம் போடாமல் உண்மையாக இருப்பது ஆகியவை மாற்றத்துக்குத் தேவை, அவையே போதும் என்று வாதிட்டார். தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லோருக்கும் போதும் என்பதில் உண்டு. 1960-களில் ஆரோன் பெக், தானே பயின்ற உளப்பகுப்பாய்வு முறையில் மனச்சோர்வைப் படிக்கப்போய், நோயாளிகள் மனதில் மின்னலாக ஓடும் தன்னிச்சை எண்ணங்களைக் கண்டுகொண்டார். அந்த எண்ணங்களைச் சோதித்து மாற்றும் அவருடைய அறிவாற்றல் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. மார்ஷா லினஹன் கடும் தற்கொலை உந்துதலோடு வந்த பெண்களுக்கு இப்படிப்பட்ட மாற்றம் தேடும் முறைகளை மட்டும் கொடுத்துப் பார்த்தார். 'உன்னிடம்தான் கோளாறு' என்று சொல்வதாக அவர்களுக்குப் பட்டது. வெறும் ஏற்பு மட்டும் கொடுத்தால் 'என் வேதனை தீராது என்கிறீர்களா' என்று கலங்கினார்கள். இரண்டையும் ஒரே கையில் பிடிக்கும் வழியாக டிபிடி என்ற இயங்கியல் நடத்தைச் சிகிச்சை பிறந்தது. 1993-ல் வந்த அவருடைய பயிற்சி நூலில் நான்கு தொகுதிகள்: விழிப்புடன் கவனித்தல், கொந்தளிப்பைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்துதல், பிறரோடு பழகுதல். இளம் வயதில் தானும் மனநல மருத்துவமனையில் நீண்ட நாள் அடைபட்டுக் கிடந்ததை லினஹன் 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய திறன் தாள்களை எடுக்கும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வரும். மேலே நின்று உபதேசித்தவர் எழுதியவை அல்ல அவை.

இந்த முறைகளுக்குள் எது பெரியது என்ற சண்டை பழையது. வெவ்வேறு சிகிச்சைகளும் பலன் தருவதற்குக் காரணம் அவற்றுக்குள் பொதுவாக இருக்கும் அம்சங்களாக இருக்கலாம் என்று சால் ரோசன்ஸ்வைக் 1936-லேயே எழுதிவிட்டார். 1979-ல் எட்வர்ட் போர்டின் அதை மூன்று கேள்வியாகப் பார்க்க உதவினார்: எதற்காக உழைக்கிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு உண்டா, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு உண்டா, நடுவில் நம்பிக்கை உண்டா? அம்மாவை இழந்தவரிடம் நான் சறுக்கியது இரண்டாவது கேள்வியில். செய்ய வேண்டிய வேலை என்ன என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

ஆகவே நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். இந்த உத்தியை உங்களுக்கு ஏன் இப்போது கொடுக்கிறேன் என்று, நீங்கள் சொன்ன சொற்களை வைத்தே, இரண்டு வரியில் என்னால் சொல்ல முடிய வேண்டும். நீங்கள் அதைக் கேட்டு "ஆமா, அது எனக்குப் பொருந்தும்" என்றோ "இல்லயே" என்றோ சொல்ல முடிய வேண்டும். எந்தச் சிகிச்சை மரபிலிருந்து வந்தது என்பது எனக்கு அடுத்த பட்சம். ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று. அதையும் அறைக்குள் இருவரும் செய்து பார்த்த பிறகுதான் வெளியே கொண்டுபோவது.

அறைக்குள் செய்து பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முப்பதைத் தாண்டாத வயது. ஆறு மாதமாகப் பேனிக் அட்டாக். நெஞ்சு அடிக்கும், கை மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்று தோன்றும். இதயப் பரிசோதனைகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது, எல்லாம் சரியாக இருந்தது. லிஃப்டில் ஏறுவதை விட்டுவிட்டார், பிறகு மாடிப்படியையும். முதல் அமர்வில் நான் அவருக்கு மெதுவான மூச்சைக் கற்றுக்கொடுத்தேன்: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். உடம்பின் அமைதிப்படுத்தும் நரம்புகள் அப்போது கூடுதலாக வேலை செய்யும். பலருக்கு இது கைகொடுக்கும். அவருக்கும் முதல் வாரம் கொடுத்தது.

மூன்றாவது வாரம் வந்தபோது சொன்னார், "மேடம், இப்ப மூச்சுப் பயிற்சி பண்ணாம வீட்டு வாசல் தாண்ட முடியல. பஸ்ல ஒரு தடவ எண்ணிக்கை தப்பிடுச்சு. அவ்வளவுதான், போச்சுன்னு நினைச்சேன்."

நான் கொடுத்த மருந்தே புதுச் சங்கிலியாகிவிட்டது. இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1986-ல் டேவிட் கிளார்க் பேனிக்கை விளக்கிய விதம் இது: உடம்பில் ஒரு சாதாரண மாற்றம், அதை 'ஆபத்து' என்று மனம் தப்பாகப் படிக்கிறது, அந்தப் பயத்தில் துடிப்பு இன்னும் ஏறுகிறது, ஏறியதே ஆபத்துக்குச் சாட்சியாகிறது. இந்தச் சுழலில் மாட்டியவருக்கு மூச்சுப் பயிற்சி அமைதியைக் கொடுத்தாலும், கூடவே ஒரு செய்தியையும் கொடுத்துவிடலாம்: 'இதைச் செய்யாவிட்டால் நிஜமாகவே ஏதோ ஆகியிருக்கும்.' துடிப்பு ஆபத்தில்லை என்று கண்டுகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் மூச்சு வந்து நின்றுவிட்டது.

அவரிடம் இதை ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினேன். பிறகு கேட்டேன், "அந்தத் துடிப்ப நாமளே வரவழைச்சுப் பாப்போமா?" இதயம், ஆஸ்துமா, வலிப்பு எதுவும் இல்லை என்று மருத்துவரின் அறிக்கை கையில் இருந்தது. அது இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினோம். ஜோசப் வோல்பே கொண்டுவந்த 0 முதல் 100 வரையான பய அளவுகோலை ஏற்கெனவே பழகியிருந்தார். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட வேண்டும். நானும் ஓடினேன்.

நாற்பதாவது வினாடியில் நின்றுவிட்டார். வலது கை நெஞ்சில். முகம் வெளுத்திருந்தது.

"எவ்வளவு?"

"எண்பது."

உட்காரச் சொல்லவில்லை. மூச்சை இழுத்து விடச் சொல்லவில்லை. "என்ன நடக்கும்னு மனசு சொல்லுது?" என்று மட்டும் கேட்டேன். "மயங்கி விழுந்துருவேன்னு." நின்றோம். சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் சத்தம் கேட்டது. என் நெஞ்சும் அடித்துக்கொண்டிருந்தது, அதைச் சொன்னேன். இரண்டு நிமிடம் இருக்கும். "இப்ப?" "ஐம்பது. விழல." இரண்டாம் சுற்றில் முழு நிமிடம் ஓடினார். மூன்றாவது சுற்று முடிந்து முப்பது என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "துடிப்பு அப்படியேதான் மேடம் இருக்கு. அதப் பத்தின பயம்தான் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு" என்றார். அந்த வாரத்துக்கு அவரே தேர்ந்தெடுத்தது இரண்டு மாடிப்படி, தினம் ஒரு தடவை, மூச்சை எண்ணாமல்.

மூச்சுப் பயிற்சி தவறா என்றால், இல்லை. இன்னொருவருக்கு இரவில் தூங்கப் போகும்முன் அதையே கொடுக்கிறேன். மூச்சைக் கவனித்தாலே பதறுபவருக்குப் பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒரே உத்தி ஒருவருக்கு ஊன்றுகோல், இன்னொருவருக்கு விலங்கு. எது எது என்று முதல் நாளிலேயே எனக்குத் தெரிந்துவிடாது. கொடுத்துவிட்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்யக் கொடுத்ததை முக்கால்வாசிப் பேர் ஏதாவது ஒரு வாரம் செய்யாமல் வருவார்கள். "செய்ய முடியல மேடம், சாரி" என்று உள்ளே வரும்போதே சொல்வார்கள், உட்காருவதற்கு முன்பே. அந்த 'சாரி'யை நான் வாங்கிக்கொள்வதில்லை. நான் டீச்சர் இல்லை. "எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேட்கிறேன். மனச்சோர்வோடு வந்த ஒரு மாணவிக்குத் தினம் அரை மணி நேரம் நடை என்று திட்டமிட்டோம். ஒரு நாள்கூட நடக்கவில்லை. எங்கே நின்றது என்று பின்னோக்கிப் போனால், செருப்பு மாட்டும் இடத்தில். "செருப்பப் பாத்தா, வெளிய யாராவது பேசுவாங்களேன்னு இருக்கும், திரும்பிப் படுத்துருவேன்." ஆகவே அடுத்த வாரத்தின் வேலை செருப்பை மாட்டுவது மட்டும். மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பலாம். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

உற்சாகம் வந்த பிறகு செயல் என்று காத்திருந்தால் மனச்சோர்வில் அது வருவதே இல்லை. இன்பம் தரும் செயல்கள் குறையக் குறைய மனம் தாழும், தாழ்ந்த மனம் இன்னும் ஒதுங்கும் என்று பீட்டர் லெவின்சன் 1970-களில் விளக்கினார். நீல் ஜேக்கப்சன் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், செயல்களை மீட்டெடுக்கும் பகுதியை மட்டும் பெற்றவர்கள், முழு அறிவாற்றல் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு இணையாகத் தேறியிருந்தார்கள். இந்த ஆய்வை நான் அந்த மாணவியிடம் சொல்லவில்லை. ஆனால் செருப்பு மாட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று மனதாரச் சொல்ல எனக்குத் தைரியம் கொடுத்தது அதுதான்.

பேசிப் பழகுவதையும் அறைக்குள்ளேயே செய்கிறோம். அண்ணன் மாதாமாதம் கடன் கேட்கிறார், மறுக்க முடியவில்லை என்று வந்தவரிடம், என்னை அண்ணனாக நினைத்துச் சொல்லச் சொன்னேன். "அண்ணா, இந்த மாசம் என்னால முடியாதுண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்கே கஷ்டம், அடுத்த மாசம் பாக்கலாம், கோவிச்சுக்காதீங்க..." என்று வால் நீண்டுகொண்டே போனது. எட்டு தடவை சொல்லிப் பார்த்தோம். எட்டாவது தடவை: "அண்ணா, இந்த மாசம் என்னால முடியாது." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு என் கண்ணைப் பார்த்தார். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் அவர் கற்றது. வாக்கியம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

திறன் என்ற சொல்லில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 'உனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை, கற்றுக்கொள்' என்று அது சொல்லிவிடலாம். வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்குக் கோபத்தை அடக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது. அவருடைய கோபமும் பயமும் சரியாகத்தான் வேலை செய்கின்றன. அங்கே முதல் வேலை பாதுகாப்பு, சட்ட உதவி, தங்க இடம், நம்பும் மனிதர்கள். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும் இடத்தில் நொந்துபோனவருக்கு மன அமைதிப் பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்பினால், நான் யார் பக்கம் நிற்கிறேன்? ஒருவருடைய துன்பத்தில் எது அவருக்குள் இருக்கிறது, எது அவர்மேல் ஏற்றி வைக்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்காமல் எந்தத் தாளையும் எடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒவ்வொரு அமர்வின் கடைசி ஐந்து நிமிடமும் ஒரு கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறேன்: "இன்னிக்கு நான் சொன்னதுல, செஞ்சதுல, எது உங்களுக்குப் பொருந்தல?" 'எப்படி இருந்தது' என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். பொருந்தாதது ஒன்று இருக்கும் என்று நானே முன்கூட்டி ஒப்புக்கொண்டு கேட்டால், மூன்றாவது நான்காவது வாரத்தில் உண்மை வரத் தொடங்குகிறது. "கண்ண மூடச் சொன்னது பிடிக்கல" என்றார் ஒருவர். ஏன் என்று அவர் சொல்ல இன்னும் இரண்டு மாதம் ஆனது. அதுவரை கண்ணைத் திறந்தபடியே செய்தோம்.

சமீபத்தில் ஒரு பெண் ஆறாவது அமர்வு முடிந்து எழுந்தார். கூட்டத்தில் நின்றால் பழைய விபத்து கண்முன் வந்து உறைந்துபோகிறவர். சுற்றிலும் தெரியும் ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, கேட்கும் மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு சுவை என்று எண்ணி நிகழ்காலத்துக்குத் திரும்பும் பயிற்சியை முதல் நாளே கொடுத்திருந்தேன். அதை அவர் இரண்டாவது வாரமே கைவிட்டிருக்கிறார், எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அவ்வளவு எண்ண முடியல மேடம். அதுக்குப் பதிலா இது" என்று கைப்பைக்குள் கையை விட்டு ஒரு சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். "இந்தப் பெரிய சாவியோட பல்ல விரலால தடவுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அஞ்சு பல்லு. கடைசிப் பல்லு ஒடஞ்சிருக்கும். அது வரும்போது, ஆங், இது என் வீட்டுச் சாவி, நான் இப்ப இங்க இருக்கேன்னு தெரிஞ்சிடும்."

வாங்கிப் பார்த்தேன். ஐந்தாவது பல் நுனி மழுங்கியிருந்தது. திருப்பிக் கொடுத்தேன். கதவருகில் போய் நின்று, பழக்கத்தில் நான் 'வீட்டுக்குப் போய் என்ன பண்ணணும்' என்ற கேள்விக்காகக் காத்திருக்க, அவர் சொன்னார், "இந்த வாரம் அந்த ரோட்டு வழியா ஒரு தடவ நடந்து போய்ப் பாக்கப் போறேன். தங்கச்சி கூட வருவா. சாவி இருக்கு."